புள்ளி விழாத பெயர்ப்பலகை

உங்கள் தெருவில் பத்து வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்து போங்கள். ஒரு வீட்டில் பளிங்குப் பலகை. இன்னொரு வீட்டில் பித்தளைத் தகடு. அடுத்த வீட்டில் பெயின்ட் உரிந்த மரப்பலகை. பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல், பின்னால் இரண்டு பட்டம், அதற்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’ என்று ஒரு வார்த்தை. எல்லாம் சரி, விடிந்தது முதல் விளக்கணைக்கும் வரை அந்த வீட்டைக் கட்டி ஆளுகிற அம்மாளின் பெயர் எங்கே? ரேஷன் கார்டில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு காலத்தில் இருந்தது. வாசலில்தான், பெரும்பாலான வீடுகளில், இடம் கிடைக்கவில்லை!

இடம் கொடுப்பார்கள் என்று காத்திருப்பானேன்? ஒரு சாண் பலகையும் நூல் போன்ற ஒரு ரம்பமும் இருந்தால், உங்கள் பெயரை நீங்களே மரத்தில் வெட்டி நிறுத்திக் கொள்ளலாம். மேல்நாடுகளில் வீட்டுப் பெண்களும் ஓய்வு பெற்ற பெரியவர்களும் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை இது. நம் ஊரிலும் பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்பில் ‘பிரெட் ஒர்க்’ என்ற பெயரில் பலர் பழகியதுதான்.

“இதெல்லாம் ஆசாரி வேலை, உனக்கு எதற்கு?” என்று ஈஸிசேரிலிருந்து ஒரு குரல் வரும். வரட்டும்.

தையல் தெரியுமா உங்களுக்கு?

தெரியும் என்றால் பாதி வேலை தெரிந்த மாதிரிதான். மின்சாரத்தில் ஓடும் ஸ்க்ரோல் ரம்பத்துக்கும் தையல் யந்திரத்துக்கும் அப்படி ஓர் உறவு. தையல் யந்திரத்தில் ஊசி மேலும் கீழும் போய் வருகிறது. நாம் துணியைத் திருப்பிக் கொடுக்கிறோம். இங்கே ஊசி இருக்கும் இடத்தில் 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு. அது நின்ற இடத்திலேயே நின்று மேலும் கீழும் அறுக்கிறது. நாம் பலகையைத் திருப்பிக் கொடுக்கிறோம். பல யந்திரங்களில் வேகத்தை நிமிஷத்துக்கு 400 தடவையிலிருந்து 1,600 தடவை வரை கூட்டிக் குறைக்கலாம். முதல் நாள் குறைந்த வேகமே போதும்.

யந்திரம் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கையால் அறுக்கும் பிரெட் ரம்பம் ஒன்று போதும். ‘ப’ என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்ற இரும்புச் சட்டம். அதன் திறந்த வாயில் பிளேடைப் பூட்டியிருக்கும். மேஜை விளிம்பில் மீன்வால் போலப் பிளவு வெட்டிய சிறு பலகை ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் மேல் வேலைப் பலகையை வைத்து, ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்து அறுக்க வேண்டும். பிளேடின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அது அறுக்கும். யந்திரத்திலும் பற்கள் கீழ்நோக்கித்தான். மாற்றிப் பூட்டினால் பலகை எம்பி எம்பிக் குதிக்கும்.

பிளேடு சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க விரலால் சுண்டிப் பாருங்கள். தந்தியைப் போல் ‘டிங்’ என்று நாதம் எழும்ப வேண்டும். தொளதொளவென்று இருந்தால் கோடு கோணிப் போகும். பிளேடும் சீக்கிரம் ஒடியும்.

செல்வி, செலவி ஆன கதை

யந்திரம் கிடைத்துவிட்டது, மரமும் வந்துவிட்டது. இனித்தான் விஷயமே இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வெட்டுவதற்குப் புத்தகம் புத்தகமாக மாதிரிகள் உண்டு. தமிழில் பெயர் வெட்டுகிறவர் தம் மூளையைத்தான் செலவழிக்க வேண்டும். காரணம், நம் எழுத்துகளின் சுபாவம்.

‘செல்வி’ என்ற பெயரையே எடுத்துக் கொள்வோம். காகிதத்தில் அழகாக எழுதிப் பலகையில் ஒட்டி, கோட்டைச் சுற்றி அறுத்து முடிக்கிறோம். என்ன நடக்கும்? கொம்பு ஒரு பக்கம் விழும். சகரம் ஒரு பக்கம் விழும். லகரத்தின் தலையில் இருந்த புள்ளி உருண்டோடிப் பீரோவுக்கு அடியில் போய்விடும். மிச்சத்தைச் சேர்த்து ஒட்டி நிறுத்தினால் ‘செலவி’! செல்வமாக வந்தவள் செலவாகிப் போய்விட்டாள். புள்ளி என்பது கடுகத்தனைதான். ஆனால் அது விழுந்தால் பெயரே விழுகிறது.

இந்தப் புள்ளித் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியமே இலக்கணம் சொல்லிவிட்டது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? ஊன்றிப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப் போகுமே என்று, பல சுவடிகளில் புள்ளியே இல்லாமல் எழுதிப் போனார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புள்ளியை நினைத்துக் கொள்ள வேண்டும். வாசல் பலகையில் அப்படி விட முடியுமா? தபால்காரர் தொல்காப்பியம் படித்துவிட்டு வருவதில்லை.

நிறுத்துவதா, நீக்குவதா?

மரத்தில் பெயர் வெட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழுத்தை நிறுத்தி மற்ற மரத்தை நீக்குவது. மற்றொன்று, பலகையை நிறுத்தி எழுத்தை நீக்குவது. அதாவது எழுத்து இருக்கும் இடம் ஓட்டையாக இருக்கும், அதன் வழியே வெளிச்சம் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எழுத்தை நிறுத்தினால் புள்ளி விழுகிறது; எழுத்தை நீக்கினால் புள்ளி என்பது வெறும் துளை, அதைப் போல் சுலபம் வேறில்லை. ஆனால் அப்போது சுழியின் நடு விழுந்துவிடும்! வகரத்தின் வயிற்றுக்குள்ளே அடைபட்டிருக்கிற இடத்தைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. எண்ணெய் டின்களிலும் பார்சல் பெட்டிகளிலும் ஸ்டென்ஸில் வைத்து எழுதிய எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுநடுவே கோடு விட்டுப் போயிருக்கும் அல்லவா? அந்த இடைவெளிகள்தான், நடுப்பகுதி விழாமல் தாங்குகிற பாலங்கள். எழுத்தை நீக்கி வெட்டுகிறவர்கள் இப்படிப் பாலம் விட்டே ஆக வேண்டும். மூன்று சுழி ணகரம் உள்ள பெயர் என்றால் பாலங்களும் அதிகம்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு எழுத்தை நிறுத்துவதுதான் நல்லது. எழுத்துகளைச் சேர்ப்பதற்கு அடியில் அரை அங்குல அகலத்தில் ஒரு பட்டை வரைந்து, கொம்பு, சகரம், லகரம், வகரம் எல்லாவற்றின் பாதமும் அதில் பதிவது போல் அமைத்து விடுங்கள். இனிப் புள்ளிக்கு மூன்று உபாயங்கள்.

முதலாவது, எழுத்தின் தலையிலிருந்து குட்டையாக ஒரு காம்பு விட்டு, அதன் நுனியில் புள்ளியை மொட்டுப் போல நிறுத்துவது. காம்பு புள்ளியைவிட ஒடுங்கியிருக்க வேண்டும். நீண்டும் விடக் கூடாது. நீண்டால் அது வேறேதோ எழுத்தாகத் தோன்றும்.

இரண்டாவது, பெயருக்கு மேலே ஒரு கொடியை ஓட விடுவது. வகரத்தின் மேல் உள்ள கொக்கி அந்தக் கொடியைத் தொடட்டும். புள்ளி அதிலிருந்து கனி போலத் தொங்கட்டும். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்தக் கொடி ஒரு விளையாட்டு.

மூன்றாவது, பெயரைப் பின்பலகை ஒன்றில் ஒட்டிவிட்டு, புள்ளியைத் தனியாக வைப்பது. பெயர் தேக்கானால் புள்ளியை மஞ்சள் நிறப் பலாவில் வைக்கலாம். பித்தளைக் குமிழ் ஆணி ஒன்றை அறைந்தாலும் பளிச்சென்று இருக்கும். மரப் புள்ளிதான் வேண்டும் என்றால் உருண்டைக் கம்பிலிருந்து கை ரம்பத்தால் ஒரு வில்லை அறுத்துக் கொள்ளுங்கள். அத்தனை சிறிய துண்டை ஓடுகிற பிளேடுக்கு முன்னால் விரலால் பிடிப்பது ஆபத்து.

பழைய எழுத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன், ‘லை’, ‘னை’ ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற சுழியை எழுத்தோடேயே சேர்த்து எழுதினோம். பாட்டியின் பெயர் ‘கலையரசி’ என்றிருந்து, அவர் கையெழுத்தும் கிடைத்தால், அந்தப் பழைய ‘லை’யையே வெட்டிப் பாருங்கள். தனியே நிற்கும் இணைக்கொம்பு இல்லை. எழுத்து ஒரே துண்டாக நிற்கும். பாட்டியும் சந்தோஷப்படுவார்.

எந்த மரம்?

தேக்கு நல்ல மரம். ஆனால் அதில் மணல் சத்து உண்டு. பிளேடின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். முதல் வேலைக்கு 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை போதும். பழகிய பிறகு 12 மில்லிமீட்டர் கட்டை மரத்துக்குப் போகலாம். அது அலமாரியில் தானாகவே நிற்கும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 2 அல்லது 3 எண் பிளேடும், 12 மில்லிமீட்டருக்கு 5 எண் பிளேடும் பொருந்தும். எண் கூடக் கூடப் பிளேடு பெரிதாகும்.

கட்டை மரமானால் ரேகை ஓட்டத்தைக் கவனியுங்கள். பெயரின் நீளவாக்கில் ரேகை ஓடட்டும். அடிப்பட்டை உறுதியாக இருக்கும். ஆனால் செங்குத்தாக நிற்கிற கால்களில் ரேகை குறுக்கே போவதால், அவை பிஸ்கட்டைப் போல ஒடியக் கூடும். அந்த இடங்களைச் சற்றுத் தடிப்பாக வரையுங்கள். எழுத்து நாலு அங்குல உயரமானால் எந்த இடமும் 6 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஒட்டுப்பலகையில் ஒன்றுவிட்டு ஒன்றாக ரேகையைக் குறுக்கே வைத்து ஒட்டியிருப்பதால் இந்தக் கவலை குறைவு.

முதலில் உள்ளே, பிறகு வெளியே

பலகை முழுவதும் காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் பெயர் வரைந்த தாளைப் பசையிட்டு ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் டேப்போடு தாள் உரிந்து வந்துவிடும், சுரண்ட வேண்டியதில்லை.

எழுத்துகளுக்கு உள்ளே அடைபட்ட ஒவ்வோர் இடத்திலும் 2 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி பூட்டி, உட்பகுதிகளை முதலில் அறுத்து எடுங்கள். வெளிக்கோடு கடைசியில்தான். வெளியே அறுத்துவிட்டால் கையால் பிடித்துக்கொள்ள மரம் எங்கே இருக்கிறது?

கோட்டின் மேலேயே அறுக்காமல், கழிவுப் பக்கமாக ஒரு நூல் தள்ளி அறுங்கள். பலகையை அழுத்தித் தள்ள வேண்டாம். பிளேடு தின்கிற வேகத்துக்குக் கொடுத்தால் போதும். நேராகத் தள்ளினாலும் பிளேடு பெரும்பாலும் சற்று வலப்பக்கமாக இழுக்கும். பிளேடு செய்யும்போது ஒரு பக்கம் பிசிறு நின்றுவிடுவதால் வருகிற குணம் அது. பலகையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் கோடு நேராகிவிடும். பத்து நிமிஷத்தில் கை பழகிவிடும்.

மூலை திரும்புவதில்தான் தையலுக்கும் இதற்கும் வித்தியாசம். தையலில் யந்திரத்தை நிறுத்தி, ஊசியைத் துணியில் இறக்கிவிட்டுத் திருப்புகிறோம். இங்கே யந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளுவதை மட்டும் நிறுத்திவிட்டு, பிளேடையே அச்சாக வைத்துப் பலகையைச் சுற்ற வேண்டும்.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒரு வார்த்தை. முந்தானையை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள். பின்னலை முடிந்து கொள்ளுங்கள். வளையலையும் நீளச் சங்கிலியையும் கழற்றி வையுங்கள். கண்ணாடி அணியுங்கள். பிளேடுக்கு நேர் எதிரே விரல் வேண்டாம். மூக்குக்கு முகக்கவசம் அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் பட்டறையில் மூச்சு விடுகிறவர்களுக்குத்தான் பெரிய அபாயம் என்றாலும், நமக்கும் தும்மல் எதற்கு?

மெருகுதான் மரியாதை

வெட்டுவது ஒரு நாள் வேலை. மெருகேற்றுவது இரண்டு நாள் வேலை. அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, பிறகு 220 என்று ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். சுழிகளுக்குள் விரல் போகாது. உப்புத்தாளை நாடாப் போலக் கிழித்து உள்ளே நுழைத்து, ஷூ துடைப்பது போல இழுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காய விட்டால், படுத்திருந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும். அதை 220 தாளால் மென்மையாகத் தடவிவிட்டால் மரம் வழவழவென்று ஆகிவிடும்.

இப்போது சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்துத் தடவலாமா என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். தேங்காயெண்ணெய் மரத்தில் காய்ந்து இறுகாது; பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொள்ளும், நாளடைவில் சிக்கு வாடையும் அடிக்கும். காய்ந்து இறுகுவது ஆளிவிதை எண்ணெய். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு ஏறி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளக் கூடும். துணியை வெளியே விரித்துக் காயப் போடுங்கள். அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் வைக்கிற பலகைக்கு நம் ஊர் அவலரக்கே அருமையான மெருகு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் விட்டுச் செல்லும் பிசினைச் சுத்தம் செய்து தகடாக்கி நொறுக்கியதுதான் அது. கால் லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 45 கிராம் அவலரக்கைக் கண்ணாடிப் பாட்டிலில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் நிறம் கறுத்துவிடும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி, தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சு. ஒரு மணி நேரம் காய்ந்ததும் 320 தாளால் லேசாகத் தடவிவிட்டு இரண்டாவது பூச்சு. அதே போல மூன்றாவது. கெட்டியாக ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று பார்த்தால், சுழிகளுக்குள் வழிந்து கட்டி தட்டும். ஸ்பிரிட் தீப்பற்றும், அருந்தினால் விஷம். அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அடைமழை நாளில் பூசாதீர்கள். ஈரக்காற்றில் அரக்கு வெள்ளை பூத்துவிடும்.

அரக்குக்குத் தண்ணீர் பகை. ஆகையால் வாசலில் மாட்டுகிற பலகைக்கு, வெயிலும் மழையும் தாங்குகிற வெளிப்புற வார்னிஷ் பூசுங்கள். ஒட்டுப்பலகையானால் ‘ஐ.எஸ். 710’ முத்திரையுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்கு ஈடுகொடுக்கிற ரகம் அது.

பத்து நிமிஷத்தில் ஆகுமே!

“கடையில் லேசர் யந்திரம் இருக்கிறது, கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் வெட்டித் தருகிறான்” என்று ஈஸிசேர் மறுபடியும் பேசும். உண்மைதான். கோடு பிசகாமல் வெட்டுவான். ஓரம் மட்டும் சற்றுக் கருகியிருக்கும். ஆனால் லேசருக்கும் தமிழ் தெரியாது, பாருங்கள்! கொடுத்த கோட்டை அது வெட்டும். புள்ளியைத் தாங்குவதற்கு ஒரு காம்போ கொடியோ யாராவது யோசித்து வரைந்து கொடுக்காவிட்டால், அங்கேயும் செல்வி செலவிதான். யோசிப்பது நம் வேலை என்று ஆன பிறகு, அறுப்பதையும் நாமே அறுத்தால் என்ன?

இன்னொன்றும் உண்டு. வகரத்தின் வயிறு எங்கே திரும்புகிறது, கொக்கி எங்கே தொடுகிறது, புள்ளி எதைப் பிடித்து நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தைக்கு, எழுத்தை அதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க முடியாது.

கடைசியாக ஒரு யோசனை. முதல் பலகையைக் கணவருக்கென்றும் பிள்ளைக்கென்றும் ஒதுக்கிவிடாதீர்கள். அது உங்கள் பெயராகவே இருக்கட்டும். அங்கங்கே கோடு சற்றுக் கோணினாலும் பரவாயில்லை. அரை அடி தள்ளி நின்றால் யார் கண்ணுக்கும் தெரியாது. புள்ளி மட்டும் உறுதியாக நிற்கிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். செல்வியைச் செலவி என்று சொல்வதற்குத்தான் வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே!